கிணற்றின் எல்லை எது?



தண்ணீரைப் பற்றிப் பேச அழைத்தால் நாம் பெரும்பாலும் அளவைப் பற்றியே பேசுகிறோம். எத்தனை மில்லிமீட்டர் மழை, அணையில் எத்தனை அடி, போர்வெல் எவ்வளவு ஆழத்துக்குப் போனது என்று பேச்சு போகும். இன்று நான் அளவைத் தொடப்போவதில்லை. கையில் இருக்கும் நல்ல தண்ணீர் கெட்டுப்போகாமல் காப்பது பற்றி, அதிலும் ஒரு குறுகிய பகுதியைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறேன். ஓர் ஊர் குடிக்கிற கிணற்றில் நச்சு இரசாயனம் இறங்காமல் தடுக்க, அந்த ஊரே தன் அதிகாரத்துக்குள் நின்று என்ன விதி போடலாம்? மத்திய அரசும் மாநில அரசும் செய்ய வேண்டியவை நிறைய உண்டு. அவற்றை வேறு மேடைகளில் பேசுகிறார்கள். நகராட்சியும் ஊராட்சியும் செய்யக்கூடியதை யாரும் அதிகம் பேசுவதில்லை.

இதற்கு நான் எடுத்துக்கொண்ட ஊர் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள டேட்டன். ரைட் சகோதரர்களின் ஊர் என்று உலகம் அறியும். தொழிற்கூடங்கள் நிறைந்த நகரம் அது. அந்த நகரமும் சுற்றுப்புறமும் சேர்ந்து சுமார் 4 லட்சம் பேர் குடிப்பது கிணற்றுத் தண்ணீர். பக்கத்திலேயே கிரேட் மயாமி, மேட் என்று ஆறுகள் ஓடினாலும் குழாயில் வருவது நிலத்தடி நீர்தான்.

1987 மே 27ஆம் தேதி இரவு, டேட்டனில் இருந்த ஷெர்வின்-வில்லியம்ஸ் பெயிண்ட் கிடங்கில் தீப்பிடித்தது. ஃபோர்க்லிஃப்ட் வண்டியில் கொண்டுபோன டப்பாக்கள் சரிந்து விழுந்து, எரியக்கூடிய திரவம் தரையில் கொட்டி, பொறி பட்டுப் பற்றிக்கொண்டது. உள்ளே சுமார் 57 லட்சம் லிட்டர் பெயிண்டும் அதைச் சார்ந்த பொருட்களும் இருந்தன. கூரையில் பொருத்தியிருந்த நீர்த்தெளிப்பான்கள் வேலை செய்யத்தான் செய்தன. ஆனால் தீயின் வேகத்துக்கு அவை ஈடுகொடுக்கவில்லை. வேலையாட்கள் உயிர்தப்பி வெளியே வந்துவிட்டார்கள். தீயணைப்பு வண்டிகள் வந்து தண்ணீர் பீய்ச்சத் தொடங்கின.

அப்போதுதான் ஒரு கேள்வி எழுந்தது. அந்தக் கிடங்கு நின்றது நகரத்துக்குக் குடிநீர் தரும் கிணற்றுவயலுக்குப் பக்கத்தில். கிணற்றுவயல் என்றால் ஒன்றிரண்டு கிணறு அல்ல, வரிசை வரிசையாகக் கிணறுகள் போட்டு இறைக்கும் பரப்பு. தீயில் அடிக்கிற தண்ணீர் பெயிண்டையும் தின்னரையும் கரைத்து எடுத்துக்கொண்டு எங்கே போகும்? அடியில் இருப்பது மணலும் கூழாங்கல்லும். நேராகக் கீழேதான் இறங்கும்.

அதிகாரிகள் ஆலோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். தண்ணீர் அடித்து அணைக்கும் முயற்சியைக் கைவிட்டு, பக்கத்தில் பரவாமல் பார்த்துக்கொண்டு, கிடங்கை எரியவிட்டார்கள். அது நாட்கணக்கில் எரிந்தது. கரும்புகை வானத்தில் எழுந்தது. தீயை அணைப்பதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் குழாயை மூடிவிட்டு நின்று பார்ப்பது எவ்வளவு கடினமான காரியம் என்று எண்ணிப்பாருங்கள். என் கணிப்பில், குடிநீர்க் காப்பின் வரலாற்றில் மிகத் துணிவான முடிவுகளில் அது ஒன்று. புகை காற்றில் கலைந்து போகும். மணலுக்குள் இறங்கிய கரைப்பான் எப்போது வெளியே வரும் என்று யாராலும் நாள் குறித்துச் சொல்ல முடியாது.

அதற்கு ஏழு மாதம் முன்புதான், 1986 நவம்பர் 1ஆம் தேதி, சுவிட்சர்லாந்தில் பாசல் நகருக்கு அருகே சாண்டோஸ் நிறுவனத்தின் கிடங்கு எரிந்தது. அங்கே தண்ணீர் அடித்து அணைத்தார்கள். அந்தத் தண்ணீர் பூச்சிமருந்துகளைச் சுமந்துகொண்டு ரைன் ஆற்றில் போய் விழுந்தது. ஆறு சிவந்தது, விலாங்கு மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன, கீழே ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் குடிநீர் எடுப்பதை நிறுத்தினார்கள். ஆறு ஓடுகிற நீர். அது சில ஆண்டுகளில் ஓரளவு தன்னைத் தேற்றிக்கொண்டது. நிலத்தடி நீருக்கு அந்த வேகம் கிடையாது.

டேட்டனின் அடியில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன், அப்போதுதான் அந்த ஊர் பின்னர் போட்ட விதியின் அருமை புரியும். பனியுகத்துக்கு முன்பு அங்கே ஆழமான ஆற்றுப் பள்ளத்தாக்குகள் இருந்தன. பனியாறுகள் உருகியபோது மணலும் சரளையும் வந்து அந்தப் பள்ளத்தாக்குகளை நிரப்பிவிட்டன. மேலே பார்த்தால் சமதளம். அடியில் நீர் நிறைந்த, புதைந்துபோன ஒரு பள்ளத்தாக்கு. கிணறு போட்டால் தண்ணீர் கொட்டுகிறது. போதாததற்கு, நகரம் ஆற்றுநீரைத் திருப்பிக் குட்டைகளில் தேக்கி, மணல் வழியாக இறங்கவிட்டுக் கிணறுகளை ஊட்டுகிறது. மழைநீரும் ஆற்றுநீரும் எவ்வளவு எளிதாக இறங்குகின்றனவோ, அவ்வளவு எளிதாகக் கொட்டிய இரசாயனமும் இறங்கும். தண்ணீரை அள்ளித் தருகிற அதே மணல் நஞ்சையும் தடுக்காது. 1988இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இந்த நீர்த்தாங்கியை, அந்தப் பகுதிக்கு வேறு மாற்று இல்லாத ஒரே குடிநீர் ஆதாரம் என்று அறிவித்தது.

தீ அணைந்த பிறகு ஊரில் இருந்த கேள்வி எளிமையானது. கிணற்றுவயலுக்குப் பக்கத்தில் அந்தக் கிடங்கு எப்படி வந்தது? யாரும் திருட்டுத்தனமாகக் கட்டவில்லை. அனுமதி வாங்கிக் கட்டிய கட்டடம்தான். நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் அது தொழிற்பகுதி. சாலை அகலம் பார்த்திருப்பார்கள், தீ பாதுகாப்பு பார்த்திருப்பார்கள், பக்கத்து வீட்டுக்கு எத்தனை அடி என்று பார்த்திருப்பார்கள். அடியில் இருக்கும் தண்ணீரைப் பார்ப்பதற்கு அந்த விண்ணப்பத்தில் இடமே இருந்திருக்காது.

நான் சொல்ல வந்தது இதுதான். கிணற்றைச் சுற்றிக் கம்பிவேலி போட்டுப் பூட்டுப் போட்டால் கிணற்றைக் காத்ததாக நாம் நினைக்கிறோம். கிணறு என்பது அந்தக் குழி மட்டும் அல்ல. வறண்ட ஆற்றில் ஊற்றுத் தோண்டியவர்களுக்குத் தெரியும்: ஊற்றிலிருந்து மொள்ள மொள்ள, சுற்றியுள்ள மணலிலிருந்து தண்ணீர் கசிந்து வந்து குழியை நிரப்பும். எந்தப் பக்கம் மேடோ அந்தப் பக்கத்திலிருந்து கூடுதலாக வரும். மோட்டார் போட்டு இரவும் பகலும் இறைக்கிற கிணற்றுக்கு அந்த மணல் பரப்பு நூறு அடியில் நிற்காது. கிலோமீட்டர் கணக்கில் விரியும். அந்தப் பரப்பு முழுவதும்தான் கிணறு. அதில் யார் எதை வைத்திருக்கிறார்கள் என்பதில்தான் ஊரின் குடிநீர் இருக்கிறது.

இதை அமெரிக்கச் சட்டம் 1986இல் ஒருவாறு ஒப்புக்கொண்டது. 1974இல் வந்த பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் குழாயில் வரும் நீரின் தரத்தைத்தான் முதன்மையாகக் கவனித்தது. இந்தப் பொருள் இவ்வளவுக்கு மேல் இருக்கக்கூடாது, சோதனை செய்து பார், இருந்தால் அகற்று. 1986 திருத்தத்தில், குடிநீர்க் கிணறுகளைச் சுற்றிய நிலத்தைக் காக்க ஒவ்வொரு மாநிலமும் ஒரு திட்டம் வகுக்க வேண்டும் என்ற பிரிவு சேர்ந்தது. ஆனால் எந்த மனையில் எந்தத் தொழில் நடக்கலாம் என்று சொல்கிற அதிகாரம் அங்கே நகரங்களிடமும் கவுன்டி என்ற வட்டார நிர்வாகங்களிடமும் இருக்கிறது. எனவே சட்டம் வாஷிங்டனில் எழுதப்பட்டாலும், கோடு கிழிக்க வேண்டியது ஊர்தான்.

டேட்டன் 1988இல் கோடு கிழித்தது. எந்த இடத்தில் விழுந்த ஒரு துளி ஓராண்டுக்குள் நகரத்தின் கிணற்றுக்கு வந்து சேருமோ, அந்தப் பரப்பு முழுவதையும் காப்புப் பகுதி என்று வரைந்தார்கள். தூரத்தைக் கணக்கில் எடுக்காமல் காலத்தைக் கணக்கில் எடுத்தது இதில் முக்கியம். மணலில் தண்ணீர் ஒரு வேகத்தில் போகும், களிமண்ணில் வேறு வேகத்தில் போகும். நாலா பக்கமும் 500 மீட்டர் என்று வட்டம் போட்டால், ஒரு பக்கம் தேவையில்லாமல் பிறர் நிலத்தைக் கட்டிப்போடுவோம், இன்னொரு பக்கம் ஆபத்தை வெளியே விட்டுவிடுவோம். ஓராண்டு என்பது அவகாசம். கசிவு தெரிந்தால் அந்தக் கிணற்றை நிறுத்தி, குறுக்கே வேறு கிணறு போட்டு நஞ்சை இழுத்து எடுக்க நகரத்துக்குக் கிடைக்கும் நேரம்.

காலக்கோடு என்பது டேட்டன் கண்டுபிடித்தது அல்ல. ஜெர்மனியில் இன்றைக்கும் குடிநீர்க் கிணறுகளுக்கு மூன்று வளையங்கள் போடுகிறார்கள். கிணற்றை ஒட்டிய முதல் வளையத்துக்குள் நீர் வழங்கும் பணியைத் தவிர வேறு எதற்கும் இடமில்லை. இரண்டாவது வளையம், நீர் 50 நாட்களில் கிணற்றை வந்தடையும் எல்லை. நோய்க்கிருமிகள் மண்ணுக்குள் பெரும்பாலும் அந்தக் காலத்துக்குள் செத்துவிடும் என்ற அனுபவத்திலிருந்து வந்த கணக்கு அது. மூன்றாவது வளையம் நீர் திரளும் பரப்பு முழுவதும். கிருமிக்கு 50 நாள் போதும். பென்சீன், டிரைகுளோரோஎத்திலீன் போன்ற தொழிற்சாலை இரசாயனங்கள் 50 நாளில் சாகிற பொருட்கள் அல்ல. அதனால்தான் இரசாயனத்துக்கு எல்லை பெரிதாக வேண்டியிருக்கிறது.

டிரைகுளோரோஎத்திலீனைப் பற்றி ஒரு நிமிடம் சொல்லியாக வேண்டும். இரும்புச் சாமான்களில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கப் பட்டறைகளில் பல்லாண்டுகள் புழங்கிய கரைப்பான். தண்ணீரைவிடக் கனமானது. ஆகவே நிலத்தடி நீருக்குள் மூழ்கிக் கீழே போய்த் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே இருக்கும். மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று உறுதி செய்யப்பட்ட பொருள். அமெரிக்கக் குடிநீர் வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். ஒரு லிட்டர் டிரைகுளோரோஎத்திலீன் ஏறத்தாழ 1,460 கிராம் எடை. அது முழுவதும் கரைந்தால் சுமார் 29 கோடி லிட்டர் தண்ணீரை அந்த வரம்புக்குக் கொண்டுவந்துவிடும். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் வீதம் 5,000 பேர் உள்ள ஓர் ஊராட்சிக்கு அது ஏறத்தாழ மூன்று ஆண்டுக் குடிநீர். பட்டறை மூலையில் கவிழ்ந்த ஒரு கேனின் கணக்கு இது. மாசசூசெட்ஸ் மாநிலத்து வோபர்ன் நகரில் 1979இல் இந்த இரசாயனம் இருப்பது தெரிந்து இரண்டு குடிநீர்க் கிணறுகளை மூடினார்கள். சுவை சரியில்லை, வாடை வருகிறது என்று மக்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்த தண்ணீர் அது.

மீண்டும் டேட்டனின் 1988 விதிக்கு வருகிறேன். கோட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு தொழிலும் தன்னிடம் எந்தெந்த இரசாயனம், அதிகபட்சம் எவ்வளவு இருக்கும் என்று நகரத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஏற்கெனவே இருந்தவர்கள் தொடரலாம், ஆனால் அந்த அளவைக் கூட்டக்கூடாது என்றது விதி. புதிதாக வந்தவர்கள் மிகக் குறைந்த அளவுதான் வைத்துக்கொள்ள முடிந்தது. எவ்வளவு ஆபத்தான பொருள், எவ்வளவு அளவு, எப்படிச் சேமித்திருக்கிறார்கள் என்பதைச் சேர்த்துப் பார்த்து இடர்ப்பாட்டை மதிப்பிட்டார்கள். பேரலை வெறுந்தரையில் வைப்பதற்கும், கசிந்தால் தாங்கும் தொட்டிக்குள் வைப்பதற்கும் வேறுபாடு உண்டு என்று விதி ஏற்றுக்கொண்டது.

கவனியுங்கள், இந்த விதி கழிவைப் பற்றிப் பேசவில்லை. கையிருப்பைப் பற்றிப் பேசுகிறது. நம்முடைய சட்டங்கள் பெரும்பாலும் வெளியேறும் கழிவை அளக்கின்றன. குழாயின் வாயில் நின்று மாதிரி எடுக்கிறோம். ஆனால் விபத்துக்குக் குழாய் கிடையாது. நிலத்தடித் தொட்டியின் துருப்பிடித்த அடியிலிருந்தும், லாரியிலிருந்து இறக்கும்போது தவறிய டிரம்மிலிருந்தும், தீயணைக்க அடித்த தண்ணீரிலிருந்தும் இரசாயனம் வருகிறது. ஓரிடத்தில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் கொட்ட முடியும். ஆகவே இருப்பைக் குறைப்பதே காப்பு.

விதி போட்டால் எதிர்ப்பு வரும். டேட்டனிலும் வந்தது. என் நிலம், என் தொழில், நேற்றுவரை சட்டப்படி நடந்தது, இன்று ஏன் குறைக்கச் சொல்கிறீர்கள் என்ற கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. நகரம் அதற்கு ஒரு வழி கண்டது. தண்ணீர் வரியோடு ஒரு சிறு தொகையைக் கூடுதலாக வசூலித்து ஒரு நிதி சேர்த்தது. கோட்டுக்குள் இருப்பவர்கள் ஆபத்தான பொருளுக்குப் பதிலாக வேறு பொருளுக்கு மாறவோ, தொட்டியைத் தோண்டி எடுக்கவோ, இருப்பைக் குறைத்துக்கொள்ளவோ அந்த நிதியிலிருந்து உதவி கொடுத்தது.

மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டத்தின் கொள்கை. தண்ணீர் குடிக்கிறவர்கள் ஏன் தொழிலதிபருக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் இதை நெடுநேரம் யோசித்திருக்கிறேன். கொட்டியவன் கட்ட வேண்டும், அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் எதையும் கொட்டாத, சட்டப்படி நடந்த ஒரு சின்னப் பட்டறைக்காரரை, ஊரின் தண்ணீருக்காக நீ மாறிக்கொள் என்று கேட்கும்போது, அந்த மாற்றத்தின் செலவில் ஒரு பங்கை ஊர் ஏற்பது நேர்மை. அதோடு, கெட்ட பிறகு சுத்தம் செய்யும் செலவோடு ஒப்பிட்டால் இந்தத் தொகை மிகச் சிறியது. கலிஃபோர்னியாவில் சாண்டா மோனிகா நகரம் 1990களின் நடுவில், பெட்ரோலில் கலக்கும் எம்டிபிஇ என்ற பொருள் தன் கிணறுகளில் இறங்கியதால், தன் நீர் ஆதாரத்தில் பெரும்பங்கை மூடிவிட்டு வெளியிலிருந்து தண்ணீர் வாங்க வேண்டி வந்தது. நிலத்தடித் தொட்டிகளும் குழாய்களும் கசிந்ததன் விளைவு அது.

இன்னொரு தடையும் இருந்தது. நீருக்கு நகர எல்லை தெரியாது. டேட்டன் கிழித்த கோடு பக்கத்து ஊர்களுக்குள்ளும் போனது. ஹ்யூபர் ஹைட்ஸ், வண்டாலியா, ரிவர்சைட், ஹாரிசன் டவுன்ஷிப் ஆகியவையும் சேர்ந்து ஒரே காப்புத் திட்டத்தை ஏற்றுக்கொண்டதால்தான் கோட்டுக்குப் பொருள் வந்தது. பின்னாளில் அந்தக் கோட்டையும் அளவுகளையும் தளர்த்த வேண்டும் என்று தொழில்தரப்பு கேட்டது. வேண்டாம் என்று நகரமன்றக் கூட்டங்களில் மக்கள் வந்து பேசினார்கள். அந்த வாக்குவாதத்தை நான் நல்ல அறிகுறியாகவே பார்க்கிறேன். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த மக்கள்தான் அப்படிப் பேச முடியும்.

இவ்வளவும் செய்த ஊரின் கிணற்றிலும் நஞ்சு இறங்கியது. இதை மறைத்துவிட்டு டேட்டனைப் புகழ்ந்தால் அது உங்களுக்கு நான் செய்யும் துரோகம். 2016ஐ ஒட்டி டேட்டனின் கிணற்று நீரில் பிஃபாஸ் என்று அழைக்கப்படும் ஃப்ளோரின் சேர்மங்கள் இருப்பது தெரியவந்து, சில கிணறுகளிலிருந்து இறைப்பதை நிறுத்தினார்கள். எரியும் எண்ணெயை அணைக்கும் நுரையில் உள்ள பொருட்கள் அவை. இயற்கையில் எளிதில் சிதையாதவை. வந்திருக்கக்கூடிய இடங்களாகச் சொல்லப்பட்டவை பக்கத்தில் இருக்கும் ரைட்-பேட்டர்சன் விமானப்படைத் தளமும், நகரத்தின் சொந்தத் தீயணைப்புப் பயிற்சி மையமும். நுரை தயாரித்த நிறுவனங்கள்மேல் நகரம் 2018இல் வழக்குத் தொடுத்தது. 2024இல் அமெரிக்க அரசு இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு பொருட்களுக்குக் குடிநீர் வரம்பாக லிட்டருக்கு 4 நானோகிராம் என்று அறிவித்தது. நானோகிராம் என்பது மைக்ரோகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

தன் கிணற்றைக் காக்கத் தீயையே எரியவிட்ட ஊர், தீயணைக்கும் பயிற்சியில் தெளித்த நுரையால் பாதிக்கப்பட்டது. இதிலிருந்து விதி வீண் என்று முடிவு கட்டுவது தவறு. இரண்டு குறைகளைத்தான் இது காட்டுகிறது. ஒன்று, 1988இல் ஆபத்தானது என்று அறியப்படாத பொருளைப் பட்டியல் பிடிக்காது. ஆகவே பட்டியலை அவ்வப்போது திறந்து பார்க்க வேண்டும். இரண்டாவது, அரசின் கட்டடங்கள் கண்காணிப்புக்குத் தப்பிவிடலாம். அவற்றுக்கும் தனியார் பட்டறைக்கும் ஒரே கண் வேண்டும். நகராட்சியின் லாரி நிறுத்தும் இடம், அரசுப் பேருந்துப் பணிமனை, தீயணைப்பு நிலையம், மின்வாரியத்தின் ஆயில் நிரப்பிய டிரான்ஸ்ஃபார்மர் கிடங்கு எல்லாம் கோட்டுக்குள்ளேதான் வரும். இரண்டாவது குறை முதலாவதைவிடப் பெரிது என்பது என் கருத்து. ஏனென்றால் அது அறியாமையால் வருவது அல்ல.

இனி நம் பக்கம். டேட்டனைப் போலவே கிணற்றைத் தவிர வேறு போக்கிடம் இல்லாத தமிழ் நிலம் ஒன்று உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. அடியில் சுண்ணாம்புப் பாறை. அதன் பிளவுகளிலும் குகைகளிலும் தேங்கிய மழைநீர்தான் வீட்டுக் கிணற்றுக்கும் தோட்டக் கிணற்றுக்கும் வருகிறது. சுண்ணாம்புப் பாறையில் நீர் மணலில் போவதைவிட வேகமாக, எதிர்பாராத திசையில் போகும். சுன்னாகம் அனல்மின் நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்ததைப் பற்றிய வழக்கில், 2019 ஏப்ரலில் இலங்கை உச்ச நீதிமன்றம், நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அது வரலாற்றுச் சிறப்புள்ள தீர்ப்பு. ஆனாலும் இழப்பீடு கைக்கு வருவது கிணறு கெட்ட பிறகுதான்.

தமிழ்நாட்டில் நமக்கு இன்னும் பழைய சாட்சியம் இருக்கிறது. 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் தந்த தீர்ப்பை எல்லோரும் அறிவோம். முன்னெச்சரிக்கைக் கொள்கையையும் மாசுபடுத்தியவர் செலவேற்கும் கொள்கையையும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு. அதற்குள் ஒரு எண்ணிக்கை இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. திண்டுக்கல் பகுதியில் 13 கிராமங்களில் எடுத்த கணக்கின்படி, குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. நான்கில் மூன்று. அந்தக் கிணறுகள் ஒரே நாளில் கெடவில்லை. ஒவ்வொரு தொழிற்சாலையும் கட்டப்பட்டபோது யாரோ ஓர் அனுமதியில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்தத் தாளில் கிணற்றைப் பற்றி ஒரு வரி இருந்திருந்தால் நிலைமை வேறு. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் வளாகத்தில் 2 லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு குவிந்தது. 2013இல் சென்னை தண்டையார்பேட்டையில் பூமிக்கடியில் போன எண்ணெய்க் குழாய் கசிந்து வீட்டு போர்வெல்களில் எண்ணெய் வந்தது. இவை எல்லாம் நமக்குத் தெரிந்த கதைகள்தான்.

மாநில அரசு விதி போடாமல் இல்லை. மாசு மிகுந்த தொழில்கள் ஆறு, ஓடை, அணை இவற்றின் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வரக்கூடாது என்று 1980களிலேயே அரசாணைகள் வந்தன. ஆற்றுக்குக் கரை உண்டு, கரையிலிருந்து நாடா பிடித்து அளக்கலாம். நிலத்தடி நீருக்குக் கரை இல்லை. அதன் கரையை நாம்தான் வரைய வேண்டும். ஊருக்குக் குடிநீர் தரும் போர்வெல்லுக்கு அப்படி ஒரு வரைபடம் நம் ஊராட்சிகளில் இல்லை.

நம் மண் டேட்டன் மண் அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். தமிழ்நாட்டின் பரப்பில் நான்கில் மூன்று பங்கு கடும்பாறை. நீர் பாறை வெடிப்புகளில் போகிறது. ஓராண்டுக் கோட்டைக் கணினியில் வரைந்து தரச் சொன்னால் நிலவியலாளர் தயங்குவார், அந்தத் தயக்கம் நியாயம். ஆனால் கோடு துல்லியமாக வராது என்பது கோடே வேண்டாம் என்பதற்குக் காரணமாகாது. ஊர்க்காரர்களுக்குச் சில விஷயங்கள் தெரியும். எந்த ஏரி நிரம்பினால் எந்தக் கிணறு ஊறும், எந்தப் பக்கத்து போர்வெல் ஓடினால் ஊர் போர்வெல்லில் தண்ணீர் இறங்கும் என்பதைத் தொட்டி ஆபரேட்டரிடம் கேட்டால் சொல்வார். அதையும் நிலத்தின் சரிவையும் நிலத்தடி நீர் அலுவலகத்தின் கிணற்றுப் பதிவுகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு முதல் கோடு கிடைத்துவிடும். வெடிப்புப் பாறை என்பதால் அதைச் சற்று அகலமாகப் போடலாம்.

கோடு போட்ட பிறகு அதற்குள் நடந்து பாருங்கள். பெட்ரோல் பங்க், வாட்டர் சர்வீஸ் செய்யும் இடம், எலக்ட்ரோபிளேட்டிங் பட்டறை, சாயப்பட்டறை, பழைய பேட்டரி உடைக்கும் கொட்டகை, பூச்சிமருந்துக் கடையின் குடோன், கழிவு ஆயில் நிரப்பிய பேரல்கள் நிற்கும் ஒர்க்‌ஷாப் என்று எவையெல்லாம் இருக்கின்றன? இவற்றின் பெயரும் இருப்பும் ஒரு பதிவேட்டில் ஏற வேண்டும். மாவட்டத் தலைநகரில் இருக்கும் அலுவலகத்தால் இது முடியாது. எந்தக் கொட்டகையில் பேரல் நிற்கிறது என்று ஊராட்சிச் செயலருக்குத் தெரிவதுபோல் வேறு யாருக்கும் தெரியாது.

அதிகாரம் இல்லையே என்பார்கள். 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டத்தில், ஆபத்தான, தீங்கான தொழில்களுக்கு உரிமம் கொடுக்கவும் தொழிற்சாலை அமைக்க அனுமதி கொடுக்கவும் ஊராட்சிக்கு இடம் இருக்கிறது. அந்த உரிமம் பெரும்பாலும் கட்டணம் வசூலிக்கும் வேலையாகச் சுருங்கிப்போனது. இந்த இரசாயனம் இந்த அளவுக்கு மேல் இருக்கக்கூடாது, தாங்கு தொட்டி இல்லாமல் பேரல் வைக்கக்கூடாது என்று உரிமத்தில் நிபந்தனை எழுத முடியும். எழுத முடியாது என்று மேலிருந்து சொன்னால், அந்த மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். வழக்கு மன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் அது பயன்படும்.

இன்னொன்று, இது அதிகச் செலவில்லாதது. கைவிடப்பட்ட போர்வெல்லை மூடுங்கள். குழந்தைகள் விழுந்து இறந்த கொடுமைகளுக்குப் பிறகு இதற்கு விதிகள் வந்தன. அதே திறந்த குழிதான் மேலே சிந்தும் இரசாயனம் வடிகட்டப்படாமல் நேராக நீர்மட்டத்துக்கு இறங்கும் வழி. சில இடங்களில் வேண்டுமென்றே கழிவைப் பழைய போர்வெல்லுக்குள் விட்ட கொடுஞ்செயல்களும் நடந்திருக்கின்றன. ஊரில் எத்தனை போர்வெல் கைவிடப்பட்டிருக்கிறது, எத்தனை மூடப்பட்டிருக்கிறது என்ற கணக்கு ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதப்பட வேண்டும்.

தண்ணீரைத்தான் சோதனை செய்கிறோமே, பிறகென்ன கவலை என்று நம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊராட்சிக்குக் கொடுத்திருக்கும் சோதனைப் பெட்டி கடினத்தன்மை, குளோரைடு, ஃப்ளோரைடு, நைட்ரேட், இரும்பு போன்றவற்றைக் காட்டும். அது நல்ல கருவி, கட்டாயம் பயன்படுத்துங்கள். ஆனால் பென்சீனும் டிரைகுளோரோஎத்திலீனும் அதில் தெரியாது. லிட்டருக்கு சில மைக்ரோகிராம் அளவில் அவற்றுக்கு நிறமும் இல்லை, நாக்குக்குத் தெரியும் சுவையும் இல்லை. இந்தச் சோதனையை நம்பி நிலத்தை விட்டுவிட முடியாது.

தொழில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் திருப்பூரிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்தத் தொழில்களால் சாப்பிடுகின்றன, அவர்கள்தான் அந்தத் தண்ணீரையும் குடிக்கிறார்கள். கேட்பது ஒன்றுதான். ஊர் குடிக்கிற கிணற்றின் பரப்புக்குள் எந்தத் தொழில், எவ்வளவு இருப்போடு, எந்தக் காப்போடு என்பதைத் தொழில் வருவதற்கு முன்பே ஊர் முடிவு செய்ய வேண்டும்.

ஊராட்சித் தலைவர்களுக்கு என் வேண்டுகோள் இது. நம் மாநிலத்தில் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22ஆம் தேதி கிராமசபை கூடுகிறது. வரும் கிராமசபையில் மூன்று தீர்மானங்களைப் பொருளாக வையுங்கள்: ஊர்க் குடிநீர்க் கிணறுகளுக்கும் போர்வெல்களுக்கும் காப்பு எல்லை வரைய நிலத்தடி நீர் அலுவலகத்தின் உதவியைக் கேட்பது, அந்த எல்லைக்குள் இரசாயனம் வைத்திருப்போர் எல்லோரிடமும், அரசு அலுவலகங்கள் உட்பட, இருப்புப் பட்டியல் வாங்குவது, கைவிடப்பட்ட போர்வெல்களை மூடி முடிக்க ஒரு தேதி குறிப்பது. பக்கத்து ஊராட்சித் தலைவரையும் அன்றைக்கே கூப்பிட்டுப் பேசுங்கள், உங்கள் கிணற்றின் பாதி அவர் ஊரில் இருக்கக்கூடும். வரைபடம் வாசிக்கவும் பட்டியல் தயாரிக்கவும் ஆள் வேண்டுமென்றால், நாம் கூடியிருக்கும் இந்தக் கல்லூரியின் நிலவியல், வேதியியல் மாணவர்களை அழைத்துக்கொள்ளுங்கள். நானும் வருகிறேன்.